ரயில் ஓய்ந்த கல் பாலத்துக்கு யார் பொறுப்பு?

2021 கோடையில் இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியில், கிரேட் மஸ்கிரேவ் என்ற சிற்றூரில், ஒரு பழைய கல் பாலத்தின் வளைவுக்கு அடியில் லாரி லாரியாகக் கல்லைக் கொட்டி, கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். 1862இல் கட்டிய ரயில்வே பாலம் அது. இடிந்து விழும் நிலையில் இல்லை. அதே நாட்டில், டார்பிஷயர் மலைப்பகுதியில், அதைவிட ஒரு வயதே குறைந்த ஹெட்ஸ்டோன் பாலத்தின் மேல் அதே கோடையில் மக்கள் குழந்தைகளோடு நடந்துகொண்டும் சைக்கிள் ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

இரண்டுமே ரயில் கைவிட்ட கல் பாலங்கள். ஒன்றுக்குக் கான்கிரீட், இன்னொன்றுக்குச் சைக்கிள் பாதை. ஏன் இந்த வித்தியாசம்? ஒன்று வலுவாக இருந்தது, மற்றது பலவீனமாக இருந்தது என்று நினைத்தால் அது தவறு. அழகான பாலத்தைக் காப்பாற்றினார்கள், அழகில்லாததை விட்டார்கள் என்பதும் முழு விடையல்ல. பாலத்துக்கு ஒரு வேலை இருக்கிறதா, அந்த வேலைக்குப் பொறுப்பான ஆள் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பாலங்கள் எப்படி நிற்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம்.

கண் பாலம் எப்படி நிற்கிறது?

ஆற்றைத் தாண்ட மட்டும் கட்டுவது சாதாரணப் பாலம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும், அடியில் இருக்கும் ஆறு, வயல், சாலை எல்லாவற்றையும் சேர்த்து, வரிசையான வளைவுகளால் தாண்டுவது வயடக்ட். தமிழில் இதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயில் பாதையில் இருப்பதை 'பதிமூன்று கண் பாலம்' என்றுதானே சொல்கிறோம்? ஒவ்வொரு வளைவும் ஒரு கண். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

கல்லை அழுத்தினால் தாங்கும். இழுத்தால் தாங்காது, விரிசல் விட்டுவிடும். அதனால் கல்லை வைத்து ஒரு இடைவெளியைத் தாண்ட வேண்டுமானால், எந்தக் கல்லும் இழுபடாமல் எல்லாமே அழுந்தும்படி அடுக்க வேண்டும். வளைவு செய்வது அதைத்தான். முதலில் மரத்தில் சென்ட்ரிங் அடிப்பார்கள். அதன் மேல் இரண்டு பக்கமிருந்தும் ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிப் பொருத்துவார்கள். அப்புறம் சென்ட்ரிங்கைக் கழற்றியதும் வளைவு தன் எடையாலேயே இறுகிக்கொள்ளும். எடை கூடக் கூட இறுக்கமும் கூடும்.

இங்கே மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாமே இவற்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

1. பாலம் சுமக்கும் பெரிய எடை ரயில் அல்ல, பாலமேதான். ஹெட்ஸ்டோன் பாலத்துக்கு ஐந்து கண்கள், ஒவ்வொன்றும் 50 அடி அகலம். இரட்டைத் தண்டவாளத்துக்கான அப்படி ஒரு கண்ணின் மேல் இருக்கும் கல், நிரப்பு மண், ஜல்லி எல்லாம் சேர்ந்து தோராயமாகக் கணக்கிட்டாலே பல நூறு டன் வரும். இரண்டு நீராவி இன்ஜின்கள் அதன் மேல் எதிரெதிரே கடக்கும்போது கூடுதலாக ஏறும் எடை நூறு டன்னைத் தாண்டும். நடைபாலங்களை வடிவமைக்கும்போது பொறியாளர்கள் நெருக்கியடித்த கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு அரை டன் என்று வைப்பார்கள். அந்தக் கண்ணின் மேல் இம்மி இடமில்லாமல் ஆட்கள் நின்றால்கூட 60 டன் அளவுதான். ஆகவே ரயிலைத் தாங்கிய பாலம் நடப்பவர்களைத் தாங்குமா என்ற கவலைக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

2. கண்கள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன. ஒரு வளைவு பக்கவாட்டில் தள்ளும் தள்ளலை அடுத்த வளைவின் தள்ளல் சமன் செய்கிறது. நடுவில் ஒன்றை எடுத்தால், ஒல்லியான தூண்கள் ஒருபக்கத் தள்ளலைத் தாங்காமல் அடுத்தடுத்து விழக்கூடும். யார்க்ஷயரில் இன்றும் ரயில் ஓடும் ரிபிள்ஹெட் பாலத்தின் 24 கண்களில் ஆறுக்கு ஒரு தூணைத் தடிமனாகக் கட்டியிருப்பது இந்தப் பயத்தால்தான். ஆகவே கல் பாலத்தை இடிப்பதும் லேசான காரியமல்ல.

3. கண்ணுக்குத் தெரியும் கல் வெறும் ஓடு. வளைவுகளுக்கு மேல், இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே, மண்ணும் கல்லும் நிரப்பியிருக்கும். அந்த நிரப்பின் மேல்தான் ஜல்லி, சிலிப்பர் கட்டை, தண்டவாளம். பாலத்தின் ஆரோக்கியம் இந்த நிரப்பு ஈரமாக இருக்கிறதா, காய்ந்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இரும்பு போனது, கல் நின்றது

பிரிட்டனில் 1963இல் அரசு ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கை ஏறக்குறைய 5,000 மைல் ரயில் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடச் சொன்னது. அதற்கு முன்பும் பின்பும் மூடியவை வேறு. தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றார்கள். நிலத்தை விற்றார்கள். பாலங்களை என்ன செய்வது?

இதற்கு ஸ்டெயின்மோர் பாதையில் நல்ல உதாரணம் இருக்கிறது. பென்னைன் மலையைக் கடந்து போன அந்தப் பாதையில் தாமஸ் பௌச் என்ற ஒரே பொறியாளர் இரண்டு பெரிய பாலங்களைக் கட்டினார். ஒன்று பெலா, இரும்பில். கிட்டத்தட்ட 200 அடி உயரம். இன்னொன்று ஸ்மார்டேல் கில், கல்லில். 14 கண்கள், 90 அடி உயரம். (1879இல் ரயிலோடு ஆற்றில் விழுந்த டே பாலமும் இதே பௌச் கட்டியதுதான்.) 1962இல் பாதை மூடியது. மறு ஆண்டே பெலா காணாமல் போனது. ஸ்மார்டேல் இன்றும் நிற்கிறது.

காரணம் எளிது. இரும்பைப் பிரித்தால் காயலான் கடையில் விலை போகும். இடிக்கும் செலவைப் பழைய இரும்பே ஈடுகட்டிவிடும். கல்லுக்கு அந்த விலை கிடையாது. இடிக்கச் செலவு மட்டும்தான், வரவு இல்லை. அதனால் கல் பாலங்கள் பலவும் யாரோ நினைத்துக் காப்பாற்றியதால் நிற்கவில்லை. தொடாமல் விட்டதால் நின்றன. அப்படித் தொடாமல் விட்டதே பின்னால் பெரிய தொல்லையாக முளைத்தது.

உண்மையான எதிரி தண்ணீர்

ஆளில்லாத கல் பாலத்துக்கு என்ன ஆகும்? வெயிலாலோ வயதாலோ அது சாவதில்லை. தண்ணீரால் சாகிறது. இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதையாக மாற்றும் வேலையில் பெரும் பணம் போவது இங்கேதான்.

ரயில் ஓடிய காலத்தில் பாலத்தின் மேல் ஆட்கள் நடமாடிக்கொண்டே இருந்தார்கள். வடிகால் வாயில் அடைத்த இலையை எடுப்பார்கள், முளைத்த செடியைப் பிடுங்குவார்கள், ஜல்லியைக் கிளறிவிடுவார்கள். ரயில் நின்றதும் அந்த ஆட்கள் போய்விட்டார்கள். ஜல்லிக்கு நடுவே இலை மக்கி மண்ணாகிறது. அந்த மண்ணில் விதை விழுகிறது. நம் ஊர்க் கோபுரத்தில் அரசங்கன்று முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். அங்கே பெர்ச் மரமும் ஆஷ் மரமும் அதே வேலையைச் செய்கின்றன.

வடிகால் அடைத்ததும் மழைநீர் நிரப்புக்குள் இறங்குகிறது. அதிலிருந்து கெடுதல் மூன்று வழியில் நடக்கிறது.

முதலாவது, சுண்ணாம்பு கரைவது. பழைய மூட்டுகள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டுவரும். வளைவின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக வடிந்து, சில இடத்தில் குகைக்குள் தொங்கும் கல் விழுது போலவே தொங்கும். பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அது மூட்டிலிருந்து வெளியேறிய சாந்து.

இரண்டாவது, பனி. தண்ணீர் உறையும்போது 9 விழுக்காடு பெருக்கும். கல்லின் துளையிலும் மூட்டிலும் நின்ற தண்ணீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் கல்லின் முகத்தைச் சில்லுச் சில்லாக உரிக்கிறது.

மூன்றாவது, பக்கச் சுவர் புடைப்பது. ஊறிய மண் காய்ந்த மண்ணைவிட அதிகமாக வெளியே தள்ளும். அந்தத் தள்ளலில் பக்கச் சுவர் வளைவிலிருந்து பிரிந்து, அடியில் பாலத்தின் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடும். சோதனைக்குப் போகும் பொறியாளர் முதலில் தேடுவது இந்த விரிசலைத்தான்.

இதற்குப் பலர் செய்த மருந்து நோயைவிட மோசம். விரிந்த மூட்டுகளைச் சிமென்ட் வைத்துப் பாயின்டிங் செய்தார்கள். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் கடினமானது, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் மூட்டு வழியாகப் போகாமல் கல் வழியாகவே போகும். விளைவு, மூட்டு அப்படியே நிற்க, அதைச் சுற்றி இருக்கும் கல் உதிர்கிறது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரைதான் வேண்டும் என்று கொத்தனார்கள் சொல்வது இதை அறிந்துதான்.

தண்ணீரை நிறுத்தினால் எவ்வளவு மாறும் என்பதற்கு ரிபிள்ஹெட் சாட்சி. 1980களில் பாலம் பழுதானதைக் காரணம் காட்டி அந்தப் பாதை முழுவதையுமே மூடப் பார்த்தார்கள். பழுதுபார்க்கச் சொன்ன தொகை மலைக்க வைத்தது. ஆனால் மேல்தளத்தில் நீர் இறங்காதபடி தடுப்பு போட்டுச் சோதனையாக வேலை செய்து பார்த்தபோது, சொன்னதைவிடக் குறைந்த செலவில் முடியும் என்று தெரிந்தது. 1989இல் மூடும் முடிவைக் கைவிட்டார்கள்.

பாலம் யாருடைய கணக்கில் இருக்கிறது?

இப்போது கிரேட் மஸ்கிரேவுக்குத் திரும்பலாம்.

ரயில் ஓடாத பாலம் ரயில்வேயின் சொத்தாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ரயில்வே தனியார்மயமான பிறகு, இப்படி மிஞ்சிய பாலங்களும் சுரங்கங்களும் ஒரு எச்சச் சொத்து நிறுவனத்தின் கைக்குப் போயின. 2013இல் அதையும் கலைத்தார்கள். இன்று ஏறக்குறைய 3,100 கட்டுமானங்கள் போக்குவரத்துத் துறையின் பெயரில் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது நேஷனல் ஹைவேஸ், அதாவது இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனம். ரயில் பாலங்களைச் சாலைக்காரர்கள் பார்த்துக்கொள்வது வாசகர்களைக் குழப்பும் முதல் விஷயம். ஆனால் நடப்பு அதுதான்.

இந்தப் பொறுப்பாளரின் இடத்தில் நின்று பாருங்கள். கையில் இருக்கும் பாலத்தால் ஒரு பைசா வருமானம் இல்லை. தவறாமல் சோதிக்க வேண்டும், பழுதுபார்க்க வேண்டும், ஒரு கல் விழுந்து யாருக்காவது அடிபட்டால் பதில் சொல்ல வேண்டும். வளைவை அடைத்துவிட்டால் ஒரே செலவோடு இந்தக் கவலை முடிந்தது. கணக்குப் புத்தகத்தில் இது சரியான முடிவாகவே தெரியும். தவறு மனிதர்களிடம் இல்லை, அந்தக் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. பாலம் நாளைக்கு எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

கிரேட் மஸ்கிரேவ் பாலம் பள்ளத்தாக்குப் பாலம் அல்ல. ரயில் பாதைக்கு மேலே சாலை போகும் ஒற்றைக் கண் பாலம். மேலே வண்டிகள் போவதால் பாலம் பலவீனமாகும் என்று காரணம் சொல்லி, ஆபத்துக் காலத்துக்கென இருக்கும் விதியைப் பயன்படுத்தி, முன்அனுமதி பெறாமல் 1,24,000 பவுண்டு செலவில் அடைத்தார்கள். மூட்டுகளைப் பூசினாலே போதும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வளைவுக்கு அடியில்தான் பழைய ரயில்களை ஓட்டும் இரண்டு ஆர்வலர் சங்கங்கள் ஒருநாள் தங்கள் பாதைகளை இணைக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தன. பிற்பாடு நிரந்தர அனுமதி கேட்டபோது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தன. 2022 ஜூனில் ஈடன் மாவட்ட மன்றம் அனுமதி மறுத்தது. 2023இல் கொட்டியதையெல்லாம் வெளியே எடுத்தார்கள். அடைக்க ஆனதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடுக்க ஆனது.

இந்தக் கூச்சல் எழுந்த 2021இலேயே மற்ற பாலங்களை அடைக்கும் வேலையை அரசு நிறுத்தி வைத்தது.

ஸ்மார்டேலில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கேயும் 1980களில் பாலத்தை இடிக்கும் பேச்சு வந்தது. 1989இல் நார்தர்ன் வயடக்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இடிக்க ஆகும் தொகையைப் பழுதுபார்ப்புக்குத் தந்துவிட ரயில்வே ஒப்புக்கொண்டது. மீதியை அறக்கட்டளை திரட்டியது. 1992இல் பாலம் நடப்பவர்களுக்குத் திறந்தது. இந்த ஒரு ஏற்பாட்டில் எவ்வளவு அறிவு இருக்கிறது பாருங்கள். ரயில்வேக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, பொறுப்பும் தீர்ந்தது. ஊருக்குப் பாலம் கிடைத்தது. பாலத்துக்கு அதைக் கவனிக்கும் ஆள் கிடைத்தார்.

பாதையாக மாற்றும்போது என்னென்ன செய்வார்கள்?

வெளியிலிருந்து பார்த்தால் தார் போட்டு, கம்பி கட்டியது போலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. வழக்கமான வரிசை இது:

1. சோதனை. கயிற்றில் தொங்கியோ சாரம் கட்டியோ ஒவ்வொரு கண்ணின் அடிப்பக்கத்தையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பிரிந்த கல் 'டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும்.

2. மேலே இருப்பதை அகற்றுவது. செடி, மக்கு, பழைய ஜல்லி. இதை ஒரு பக்கமாக மட்டும் வாரினால் வளைவின் சமநிலை கெடும். இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல எடுக்க வேண்டும். கண் பாலத்துக்கு எடைதான் உயிர் என்று முன்பு சொன்னது இங்கே உதவும்.

3. நீர்த்தடுப்பு. நிரப்பின் மேல் சரிவு கொடுத்து, நீர் இறங்காத விரிப்பு போட்டு, புதிய வடிகால் குழாய்கள் வைப்பார்கள். மொத்த வேலையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

4. கல் வேலை. உதிர்ந்த கல்லுக்கு அதே வகைக் கல், மூட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து. குளிர்காலத்தில் சுண்ணாம்பு இறுகாது, ஆகவே ஆண்டில் சில மாதங்கள்தான் இந்த வேலை நடக்கும். திட்டங்கள் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

5. கைப்பிடிச் சுவர். ரயிலில் போகிறவர் சுவர் மேல் விழப்போவதில்லை, அதனால் பழைய சுவர்கள் பல இடங்களில் தாழ்வானவை. சைக்கிளில் உட்கார்ந்தவரின் உடல் பாரம் நிற்பவரைவிட உயரத்தில் இருக்கும். அதனால் பிரிட்டனில் சைக்கிள் போகும் பாலத்துக்கு 1.4 மீட்டர் உயரத் தடுப்பு கேட்கிறார்கள். பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்ட பாலத்தில் சுவரை உயர்த்திக் கட்டினால் அதன் தோற்றமே மாறும். ஆகவே பெரும்பாலும் சுவருக்கு உட்புறமாகக் கம்பித் தடுப்பு நிறுத்துவார்கள்.

6. தரை. சைக்கிளும் சக்கர நாற்காலியும் போக வேண்டுமானால் மூன்று மீட்டர் அகலமாவது தேவை. தார் நெடுநாள் உழைக்கும். நைசாக உடைத்த கல்தூளை இறுக்கிப் போடுவது இயல்பாகத் தெரியும், குதிரைகளுக்கும் ஏற்றது, ஆனால் மழையில் அரிக்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன என்றால், வேறு எந்தச் சாலையும் தராத ஒன்று கிடைக்கிறது. நீராவி இன்ஜின் செங்குத்தாக ஏறாது. அதனால் மலைநாட்டில்கூட ரயில் பாதையின் ஏற்றம் மிக மென்மையானது. கால் வலி உள்ள முதியவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும், முதல் முறை சைக்கிள் ஓட்டும் குழந்தையும் பள்ளத்தாக்கின் உச்சியில் நின்று அதைப் பார்க்க முடிகிறது. மலையேறுபவர்களுக்கு மட்டும் கிடைத்துவந்த காட்சி அது. எனக்கு இந்தத் திட்டங்களின் மிகப் பெரிய நியாயமாகப் படுவது இதுதான்.

ஹெட்ஸ்டோன்: முப்பது ஆண்டுகள் எங்கும் போகாத பாலம்

மிட்லண்ட் ரயில்வே 1863இல் வை ஆற்றின் மேல் ஹெட்ஸ்டோன் பாலத்தைக் கட்டியபோது எழுத்தாளரும் கலை விமர்சகருமான ஜான் ரஸ்கின் கொதித்துப்போனார். பக்ஸ்டனில் இருக்கும் முட்டாள்கள் அரை மணியில் பேக்வெல்லுக்கும், பேக்வெல்லில் இருப்பவர்கள் பக்ஸ்டனுக்கும் போய்வருவதற்காகத் தெய்வங்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கை அழித்துவிட்டார்கள் என்று எழுதினார். நூறு ஆண்டு கழித்து, 1970இல், அதே பாலத்தைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று மான்சல் ஹெட் மேட்டில் நின்று படம் எடுப்பவர்களுக்கு அந்த ஐந்து கண்கள் இல்லாத பள்ளத்தாக்கைக் கற்பனை செய்வதே கடினம்.

ரயில் 1968இல் நின்றது. 1980இல் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா ஆணையம் பாதையைப் பொறுப்பேற்றது. மறு ஆண்டே பழைய ரயில் தடத்தில் மான்சல் டிரெயில் என்ற பாதை திறந்தது. இதுவரை நல்ல கதை. ஆனால் பாலத்தின் ஒரு முனையை ஒட்டியே ஹெட்ஸ்டோன் சுரங்கம் தொடங்குகிறது, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளம். பாதுகாப்பில்லை என்று அதன் வாயை மூடியிருந்தார்கள். அதே பாதையில் கிரெஸ்புரூக், லிட்டன், சீ டோர் சுரங்கங்களும் மூடியிருந்தன. பாலத்தைக் கடந்து வந்தவர் மூடிய வாயைப் பார்த்துவிட்டு, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மலை ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். நடக்கத் தெம்புள்ளவர்கள் போனார்கள். சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகவில்லை.

2011 மே மாதம் அந்த நான்கு சுரங்கங்களையும் விளக்குப் போட்டுத் திறந்தார்கள். போக்குவரத்துத் துறை தந்த 22.5 லட்சம் பவுண்டில் நடந்த வேலை. பேக்வெல் பக்கமிருந்து பிளாக்வெல் மில் வரை எட்டரை மைல் தடையில்லாமல் திறந்துகொண்டது. பாலத்தில் புதிதாக எதுவும் கட்டவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பாலம் மறுபடி பாலமானது என்று சொல்வேன். ஒற்றைக் கட்டுமானத்தைக் காப்பாற்றினால் போதாது, அது இணைக்கும் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

துண்டு போட்டு விற்ற நிலம்

இதே சிக்கல் நார்தம்பர்லாந்தில் வேறு உருவத்தில் இருக்கிறது. லாம்ப்லியில் 1852இல் கட்டிய பாலம், பெரிய கண்கள் ஒன்பது, தரையிலிருந்து நூறு அடிக்கு மேல். 1976இல் ரயில் நின்று, 1990களில் பழுதுபார்த்து, இன்று நடந்து கடக்கலாம். ஆனால் மறுமுனையில் இருந்த பழைய ரயில் நிலையம் இப்போது தனியார் வீடு. பாதை நேராகப் போக முடியாமல் படியிறங்கிச் சுற்றிப் போகிறது. பாலத்தைவிட அதன் முனையில் இருந்த சிறு துண்டு நிலம்தான் அங்கே பெரிய தடையாகிவிட்டது.

பிரிட்டன் இந்தத் தவறை ஊர் ஊராகச் செய்தது. மற்ற நாடுகள் எப்படித் தவிர்த்தன?

அயர்லாந்தில் மூடிய பாதைகளின் நிலம் பல இடங்களில் அரசுப் போக்குவரத்து நிறுவனத்திடமே தங்கியது. உள்ளாட்சி மன்றம் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது. 2017இல் திறந்த 46 கிலோமீட்டர் வாட்டர்ஃபோர்ட் பசுமை வழி அப்படித்தான் சாத்தியமானது. கில்மக்தாமஸ் ஊருக்கு மேலே 1878இன் எட்டுக் கண் கல் பாலத்தையும், 1922இல் உள்நாட்டுப் போரில் வெடிவைத்துத் தகர்த்து பிறகு மீண்டும் கட்டிய பாலிவாய்ல் பாலத்தையும் அது கடக்கிறது.

அமெரிக்காவில் 1983இலிருந்து ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. ரயில் நின்ற வழித்தடத்தைப் பாதையாகப் பயன்படுத்தி வரும் காலம் முழுவதும் அதைக் 'கைவிட்டதாக' எண்ணுவதில்லை. ரயில் வேண்டுமென்றால் திரும்பி வரலாம், அதுவரை நடப்பவர்கள் காவல். உச்ச நீதிமன்றம் 1990இல் இதை ஏற்றது. ஸ்பெயின் 1993இல் பசுமை வழிகள் திட்டத்தைத் தொடங்கி, இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்திருக்கிறது.

ரயில் திரும்பி வந்தால்?

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கடைசிக் கேள்வி இது. மான்சல் பாதையில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. மாட்லாக்கிலிருந்து பக்ஸ்டன் வரை மறுபடி ரயில் விட வேண்டும் என்று பீக் ரயில் சங்கம் 1970களிலிருந்தே முயல்கிறது. இன்று அதன் வண்டிகள் மாட்லாக்குக்கும் ரௌஸ்லிக்கும் நடுவே ஓடுகின்றன. அதற்கு அப்பால், பேக்வெல்லை ஒட்டித் தொடங்கும் பழைய தடம்தான் மான்சல் டிரெயில்.

ஹெட்ஸ்டோன் பாலம் இரட்டைப் பாதைக்குக் கட்டியது. ஆகவே பாலத்தின் மேல் ஒரு தண்டவாளத்தையும் ஒரு நடைபாதையையும் வேலி போட்டு அருகருகே வைக்கலாமா என்று கேட்கலாம். பாலத்தில் ஒருவேளை இடம் கிடைக்கும். அடுத்த அடியிலேயே வரும் சுரங்கத்தில்தான் சிக்கல். நான்கு பக்கமும் பாறை மூடிய குழாயில் ரயிலும் சக்கர நாற்காலியும் ஒன்றாகப் போவதற்குக் காற்றோட்டம், தடுப்புச் சுவர், ஆபத்தில் தப்பும் வழி என்று எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். இல்லையென்றால் நடப்பவர்கள் 2011க்கு முன்பு போலவே மலை ஏற வேண்டும்.

ரயில் வேண்டும் என்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. அந்த மலைச் சாலைகளில் விடுமுறை நாட்களில் கார்கள் அடைத்துக்கொள்கின்றன. பாதை வேண்டும் என்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வட்டாரத்தில் இதைப் போன்ற இன்னொரு பாதை எளிதில் கிடைக்காது. இந்தச் சண்டையை இன்று போட முடிவதற்கே காரணம், 1968இலிருந்து இன்றுவரை அந்த ஐந்து கண்களும் நிற்பதுதான். கிரேட் மஸ்கிரேவில் கல்லைத் தோண்டி எடுத்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு இதே வாய்ப்பு திரும்பக் கிடைத்தது.